முப்பத்தொன்பதாவது உறை

திங்கட்கிழமைக் கூட்டத்தில், எல்லோரும் புள்ளி என்று கூப்பிடும் பெண் சுவரில் காட்டிய படத்தில் இரண்டே தூண்கள்தான் இருந்தன. நீலத் தூணின் தலையில் ஐம்பத்தொன்று, சிவப்புத் தூணின் தலையில் அறுபத்தாறு. பார்த்தவர்கள் யாருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. புள்ளி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இது வயசு. உப்புத்தண்ணி ஏத்தின நோயாளிங்களோட சராசரி வயசு ஐம்பத்தொண்ணு. மருந்து போனவங்களுக்கு அறுபத்தாறு. குலுக்கிப் போட்டா ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒண்ணா வரணும். தானா இப்படி அமையறதுக்கு ஆயிரத்துல மூணு வாய்ப்பு." பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டாள். "சீட்டு உறை இருக்கற டிராயர் சாவி யார்கிட்ட இருக்கும்?"

அது சிஸ்டரின் கழுத்தில், அடையாள அட்டை நாடாவில் தொங்கிக்கொண்டிருந்தது. மேஜையைச் சுற்றி இருந்த எட்டுப் பேரும் அவள் கழுத்தைப் பார்த்தார்கள். "என்கிட்டதான்" என்றாள். முகம் சுட்டது.

"குத்தம் சொல்லலைக்கா, தெரிஞ்சுக்கத்தான்" என்றாள் புள்ளி. அந்த 'அக்கா'வில் வழக்கமாக இருக்கும் குழைவு இன்று இல்லையென்று சிஸ்டருக்குப் பட்டது.

அவசர சிகிச்சையிலும் தீவிர சிகிச்சையிலும் ஆராய்ச்சி செய்ய ஆட்களைத் தயார்செய்யும் மேற்படிப்பு அது. டாக்டர், நர்ஸ், இன்ஜினீயர், கணக்குப் படித்தவர் என்று கலந்து எடுத்து, மூன்று மூன்று பேராகச் சேர்த்துவிட்டிருந்தார்கள். இவர்கள் குழுவில் புள்ளியியல் படித்தவளுக்குப் புள்ளி என்று பெயர் விழுந்தது. டாக்டர் டாக்டராகவே இருந்தார். பதினான்கு வருஷம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்று நின்று கால் நரம்பு புடைத்துப்போய், நாற்பது வயதில் படிக்க வந்தவளை இங்கேயும் எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். அவளும் அதற்குத் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள்.

கிருமி ரத்தத்தில் பரவி, ரத்த அழுத்தம் சரிந்து வருகிறவர்களுக்கு முதல் ஆறு மணி நேரம் எதைக் கொடுப்பது நல்லது? நரம்பு வழியாக உப்புத்தண்ணீரை நிறைய இறக்குவதா, தண்ணீரைக் குறைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றும் மருந்தைச் சீக்கிரமே தொடங்குவதா? இரண்டு பக்கமும் பேச ஆள் இருந்தது, அடித்துச் சொல்லத்தான் யாருமில்லை. அதைக் கண்டுபிடிப்பதுதான் மூவரின் ஆராய்ச்சி. புள்ளி குலுக்கிப்போட்டு அறுபது உறைகளில் சீட்டு வைத்து ஒட்டி, எண் போட்டுக் கொடுத்திருந்தாள். வீட்டார் கையெழுத்துப் போட்டதும் வரிசையில் அடுத்த உறையைக் கிழிக்க வேண்டும். உள்ளே 'தண்ணீர்' என்றோ 'மருந்து' என்றோ ஒரே சொல் இருக்கும். அதை மாற்ற யாருக்கும் உரிமை கிடையாது. இதுவரை முப்பத்தெட்டு கிழித்தாயிற்று.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. முதலில் புள்ளியின் மேலேயே சந்தேகம் வந்தது. உறையை ஒட்டியவளே அவள்தானே, தான் செய்த தப்பை என் தலையில் கட்டப் பார்க்கிறாளோ? பிறகு வார்டில் டிராயருக்கு அடுத்த மேஜையில் உட்காரும் குமாஸ்தா மேல் வந்தது. தரை துடைக்க வந்தவர் டிராயர் பக்கம் குனிந்தபோது அவர் மேலும் வந்தது. அந்த மனுஷருக்கு இவர்கள் என்ன ஆராய்ச்சி செய்கிறார்கள் என்பதே தெரியாது. ஆனாலும் அவர் துடைத்துமுடித்து வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்வரை இவள் கண்ணை எடுக்கவில்லை.

வீட்டில் சாப்பிடும்போது புருஷனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் லிஃப்டாக்கிப் பார்த்தால்தான் அவனுக்குப் புரியும்.

"லிஃப்ட் நின்னுபோச்சுன்னு போன் வந்தா எல்லாரும் மோட்டார்னு கத்துவாங்க. நான் நேரா போய்க் கதவைத்தான் பாப்பேன். பத்துல எட்டு தடவை கதவுதான். ஏன் சொல்லு? தினமும் தொறந்து மூடறது அது ஒண்ணுதான்." தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "உன் டிராயரைத் தினமும் யாரு தொறக்கறா?"

"நான்தான்."

"நீ சாப்பிடப் போறப்போ?"

கையிலெடுத்த கவளம் அப்படியே நின்றது. ஒன்றரை மணிக்கு அவள் கீழே போகும்போது நோயாளி வந்துவிட்டால் என்ன செய்வது என்று, சாவியைக் கழற்றி டாக்டரிடம்தான் கொடுத்துவிட்டுப் போவாள். "மெதுவா சாப்ட்டு வாங்க சிஸ்டர், நான் பாத்துக்கறேன்" என்பார். இத்தனை வருஷத்தில் அவளை மெதுவாகச் சாப்பிடச் சொன்ன ஒரே டாக்டர் அவர். அந்த நல்ல மனுஷரைப் போய் இப்படி நினைக்கிறோமே என்று தன்னையே கடிந்துகொண்டாள். அதற்குள் நினைத்தாகிவிட்டது.

மறுநாள் காலை மீதமிருந்த இருபத்திரண்டு உறைகளையும் எடுத்துப் பார்த்தாள். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. ஒன்றைத் தூக்கி ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். ஒன்றும் தெரியவில்லை. அப்பாடா என்று மூச்சுவிட்டாள். மதியம் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடப் போனாள், ஆனால் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை, கூடுதலாக ஒரு டிரிப் ஸ்டாண்ட் வேண்டுமென்று தாழ்வாரக் கோடியில் இருந்த பழைய அறையைத் திறந்தாள். முன்பு எக்ஸ்ரே படங்களை மாட்டிப் பார்த்த விளக்குப் பெட்டி அங்கே சுவரில் இருந்தது. படமெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போன பிறகு அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. நாற்காலியிலும் ஜன்னலிலும் பெட்டியின் சட்டத்திலும் விரல் பதிகிற அளவுக்குத் தூசி. பெட்டியின் கண்ணாடியில் மட்டும், நடுவில், ஒரு உறையை வைக்கும் அகலத்துக்குத் துடைத்திருந்தது.

அவள் போய் ஓர் உறையை எடுத்துவந்து அங்கே வைத்து ஸ்விட்சைப் போட்டாள். காகிதத்துக்குள்ளிருந்து எழுத்து மேலே மிதந்து வந்தது. பதறிப்போய் அணைத்தாள். தானும் பார்த்துவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது.

டாக்டரை அந்த அறைக்கே கூப்பிட்டாள். அவர் கண்ணாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பூசி மெழுகவில்லை.

"வயசானவங்களுக்கு மட்டும்தான் சிஸ்டர். அடுத்த உறை தண்ணின்னு இருந்தா அவங்களை ஆராய்ச்சில சேர்க்காம விட்டுடுவேன். மருந்துன்னா சேத்துப்பேன். அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"எழுபது வயசுக்காரர் ஒருத்தருக்குத் தண்ணியா ஏத்தி, நுரையீரல் நிரம்பி, என் கையைப் புடிச்சுக்கிட்டே மூச்சு முட்டி முட்டி... நான் பாத்தேன். தெரிஞ்ச விஷயத்தைத் தெரியாத மாதிரி நான் எப்படி நிக்கறது?"

"நானும் பாத்திருக்கேன் டாக்டர்" என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "உங்க மருந்து அதிகமாப் போயி பத்து விரலும் கறுத்துப்போன ஒருத்தரை. இருபது நாள் நான்தான் அவருக்கு ஊட்டிவிட்டேன். நான் மட்டும் உறையைப் பாத்திருந்தா எல்லாரையும் தண்ணிப் பக்கம் தள்ளியிருப்பேன். உங்களுக்கு ஒருத்தரைத் தெரியும், எனக்கு ஒருத்தரைத் தெரியும். அதுக்குப் பேரு தெரிஞ்ச விஷயமா?"

அவர் துடைத்த கண்ணாடியையே பார்த்தபடி, "புள்ளிகிட்ட சொல்லிடுவீங்களா?" என்று கேட்டார்.

"நாலு மணிக்கு மீட்டிங். நீங்களே சொல்லுங்க. இல்லேன்னா நான் சொல்லுவேன். ரெண்டு நாளா என்னைத்தான் எல்லாரும் திருடி மாதிரி பாக்கறாங்க."

தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு ஒரு பெரியவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மூன்று நாள் காய்ச்சல், உடம்பெல்லாம் வேர்வை, அழுத்தம் எழுபத்தெட்டு. கூட வந்த மகன் அச்சகத்தில் வேலையாம், நகக்கண்ணில் மை. ஆராய்ச்சியைப் பற்றி டாக்டர் விளக்கியதை ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டு, படிவத்தை முழுக்கப் படித்துக் கையெழுத்துப் போட்டான்.

சிஸ்டர் டிராயரைத் திறந்து முப்பத்தொன்பதை எடுத்தாள். கிழிக்கவில்லை.

"இதைப் பாத்துட்டீங்களா?" என்று டாக்டரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இல்லை. சத்தியமா."

போன வாரம்வரை அவர் சொன்னால் போதும். இன்று சத்தியம் செய்தும் போதவில்லை. இத்தனைக்கும் அவளும் ஒரு உறையை விளக்கில் வைத்துப் பார்த்தவள்தான். அது எத்தனையாவது என்பதைக்கூட பதற்றத்தில் கவனிக்கவில்லை. அவள் உறையைத் திரும்ப டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டுப் போனை எடுத்தாள்.

"புள்ளி, ஆள் சேர்க்கறதை நிறுத்திடும்மா. உறையெல்லாம் கெட்டுப்போச்சு. விளக்குல வெச்சா உள்ள இருக்கறது தெரியுது. பாத்திருக்காங்க. ஒண்ணு நானும் பாத்துட்டேன். மிச்சத்தை டாக்டர் சொல்லுவார்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "வரேங்க்கா" என்றாள் புள்ளி.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். முகம் வெளுத்திருந்தது. மகன் இவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "சீட்டுல என்ன வந்துச்சுங்க?"

"சீட்டு எடுக்கலீங்க. உங்க அப்பா ஆராய்ச்சில இல்லை. வைத்தியம் நடக்கும், கவலைப்படாதீங்க."

"அப்போ எது குடுக்கறதுன்னு யார் முடிவு பண்றது?"

"டாக்டர்தான்" என்றாள்.

இனி அவரைத் தடுக்க எந்த உறையும் இல்லை. கட்டிலின் ஒரு பக்கம் உப்புத்தண்ணீர்ப் பை தொங்கியது. மறுபக்கம் மருந்து பம்ப் தயாராகப் பச்சை விளக்குடன் காத்திருந்தது. மருந்தைத் தொடங்கும்படி உத்தரவு வருமென்று அவள் பம்ப் பக்கம் போய் நின்றாள். வரவில்லை. டாக்டர் பெரியவரின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். விரல்களைத் தூக்கி நகங்களைப் பார்த்தார்.

"சிஸ்டர், உங்களுக்கு என்ன தோணுது?"

நிஜமாகத்தான் கேட்கிறாரா, நாளைக்கு ஏதாவது ஆனால் பழியைப் பங்குபோட இன்னொரு பெயர் தேடுகிறாரா? அவர் கண்ணுக்குள் தேடினாள். எதுவும் தெரியவில்லை. மானிட்டர் எழுபத்தாறு என்றது. டாக்டரின் வலது கை, டிரிப் குழாயின் சிறு சக்கரத்துக்கும் பம்ப்பின் பொத்தானுக்கும் நடுவே, பெரியவரின் ஏறி இறங்கும் வயிற்றுக்கு மேலே, விரல்கள் விரிந்தபடி நின்றது. மகன் தன் அப்பாவைப் பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.