வில்லனுக்கு அத்தானின் மூக்கு

அந்தப் பத்திரிகையில் காமிக்ஸ் நுழைந்ததே தற்செயல்தான். விளம்பரம் கிடைக்காமல் கடைசிப் பக்கம் பாதி காலியாகக் கிடந்தது. அங்கே பிழை திருத்தும் வேலை பார்த்த மச்சினி முதலாளியிடம், "நான் ஏதாவது வரையட்டுமா அத்தான்?" என்று கேட்டாள்.

"எதையாவது கிறுக்கு. வெள்ளையா விடறதுக்கு அது தேவலை" என்றார் அவர்.

அவள் துப்பறியும் பெண்ணொருத்தியையும், அவளுக்குத் தண்ணி காட்டும் கடத்தல்காரன் ஒருவனையும் வரைந்தாள். நாளுக்கு நான்கு கட்டம். போகப்போக ஜனங்கள் பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்கள். முதலாளி மட்டும் அதைச் சீந்தவில்லை. தலையங்கம் எழுதுகிறவருக்குப் பொம்மை பார்க்க ஏது நேரம்?

ஒருநாள் சலூனில் பக்கத்து நாற்காலிக்காரர் அவரைப் பார்த்து, "கடத்தல்காரர் வந்துட்டாரு, தங்கத்தை ஒளிச்சு வையுங்கப்பா" என்றார். கடையே சிரித்தது. முதலாளி பத்திரிகையைப் புரட்டினார். கிளிமூக்கு, ஏற்றிய ஒற்றைப் புருவம், கன்னத்து மரு உட்பட அவரேதான்.

நேராக மச்சினியின் மேசைக்கு வந்தார். அவள் எழுந்து நின்றாள்.

"வேணும்னு செய்யலை அத்தான். தினமும் எதிர்ல உக்காந்து திட்டுற முகம், கைக்குப் பழகிப்போச்சு."

"நாளைக்கே மாத்து."

சாப்பாடு கொண்டுவந்திருந்த அக்கா குறுக்கிட்டாள். "மாத்தக் கூடாது. வீட்ல வாயே திறக்காத மனுஷன், அதுலயாவது நாலு வார்த்தை பேசறாரு."

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "சரி. ஆனா அவன் மாட்டவே கூடாது."

கடத்தல்காரன் கப்பலில் தப்பினான், சுரங்கத்தில் தப்பினான், தப்பிக்கொண்டே இருந்தான். வரைகிற அவளுக்கே அலுத்தது. வாசகர்களுக்குக் கேட்கவா வேண்டும்? விற்காத கட்டுகள் ஏஜெண்டுகளிடமிருந்து திரும்பி வந்தன.

ஒரு காலையில் முதலாளி அவள் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"பிடிச்சிடு."

"நிஜமாவா அத்தான்?"

"ஆமா. ஆனா எவனும் காட்டிக்கொடுக்கக் கூடாது. அந்தப் பொண்ணு தன் மூளையாலதான் பிடிக்கணும்." பிறகு இரண்டு கைகளையும் விலங்கு மாட்டியதுபோல் நீட்டி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "இப்படி இருப்பேன். பார்த்து வரை."

அவளுக்குச் சிரிப்பில் கோடு கோணிற்று. அழித்து அழித்து வரைந்தாள். அவரோ அசையவேயில்லை.

அந்த இதழ் காலையிலேயே தீர்ந்து, மறுபடி அச்சேறியது. பின்னாளில் செய்தி ஓடாமல் பத்திரிகையை மூடியபோதும் காமிக்ஸ் புத்தகங்கள் கம்பெனியைத் தூக்கி நிறுத்தின. கடத்தல்காரன் சிறையிலிருந்து தப்புவது இரண்டாம் புத்தகத்தில். யோசனை முதலாளியுடையது.