ஷெஃபின் உடும்பு

வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொள்வது என்பார்கள். நிருசன் கட்டிக்கொண்டு வந்தது ஓணான்கூட இல்லை, கைநீள ஆப்பிரிக்க உடும்பு. சுவிஸின் ஊஸ்டர் நகரில் அவன் வேலை செய்யும் உணவகத்தின் ஷெஃப் காதலியின் வீட்டுக்குக் குடிபோகிறாராம். அவளுக்கு உடும்பு ஆகாதாம். ஒரு கிழமை வைத்துப் பார், பிடித்தால் உனக்கே என்று கண்ணாடிக் கூட்டோடு கொடுத்துவிட்டார்.

"வடிவான சீவன். எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு," என்றான் நிருசன் மனைவியிடம். "வைச்சிருக்கிறதோ இல்லையோ எண்டு நீரே சொல்லும்."

வேணுகாவுக்கு அதைக் கண்ட நாளிலிருந்து ஈரக்குலை நடுங்கியது. வீட்டில் தவழுகிற பிள்ளை கோபிஷா. கூட்டுக்குள்ளிருந்து நீளும் அந்த நாக்கு எப்போதும் பிள்ளை இருக்கிற பக்கமே திரும்புவதாக அவளுக்குப் பட்டது. ஆசையாய்க் கொண்டுவந்திருக்கிறானே என்று வாய் திறக்கவில்லை. வீட்டில் ஒருவருக்காவது பயமில்லை, ஏதும் நடந்தால் அவர் பிடிப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

போதாக்குறைக்கு அது கந்தசஷ்டிக் கிழமை. உடும்புக்கென்று ஷெஃப் கொடுத்த உறைந்த கோழிக்குஞ்சுகளை விரத வீட்டுக் குளிர்பெட்டியில் வைக்க வேணுகா சம்மதிக்கவில்லை. பை பல்கனிக் குளிரில் தொங்கியது.

"சூரன்போர் முடியக் குடுப்பம். உதுகள் கனநாள் சாப்பிடாமல் இருக்குங்கள்," என்றான் நிருசன். முருகனுக்காக அவர்கள் விரதமிருந்தார்கள், சரி. உடும்பை யார் கேட்டார்கள்?

சூரன்போர் அன்று பின்னேரம் வேணுகா குசினியிலிருந்து வந்தபோது கூட்டின் கண்ணாடிக் கதவு விலகியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

பிள்ளை தூங்கும் அறைக்கு ஓடினாள். வாசலிலேயே கால்கள் நின்றுவிட்டன. தரை மெத்தையில் கோபிஷாவின் போர்வைமேல் உடும்பு ஏறிக் கிடந்தது. சின்ன விரல்கள் விரிந்திருந்தன. நாக்கு அவற்றைத் தொட்டுத் தொட்டு மீண்டது.

கத்தினால் கவ்விவிடும். இழுத்தால் பிள்ளையைப் பற்றிக்கொள்ளும். உடும்புப்பிடி என்று சும்மாவா சொல்கிறார்கள். "முருகா, மன்னிச்சிடு," என்று பல்கனிக்கு ஓடி, விரதக் கையால் ஒரு குஞ்சை எடுத்துச் சுடுதண்ணீர்க் குழாயின் கீழே பிடித்தாள். பிள்ளை இதோ வீறிடப் போகிறாள், இதோ வீறிடப் போகிறாள் என்று காது அறைப்பக்கமே இருந்தது.

வாசலில் குந்திக் குஞ்சை நீட்டினாள். உடும்பு தலையைத் திருப்பியது. இறங்கி, பலகைத் தரையில் நகங்கள் கீற அவளை நோக்கி வந்தது. பின்னால் நடந்து நடந்து, குஞ்சைக் குளியலறைக்குள் எறிந்தாள். அது உள்ளே போனதும் கதவை அடித்துச் சாத்தினாள். பிள்ளையை அள்ளி விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறலும் இல்லை. அதன்பிறகுதான் அழுகை வந்தது.

போன் போட்டதும் நிருசன் ஓடிவந்தான்.

"பிடிச்சுக் கூட்டுக்கை விடுங்கோ," என்றாள்.

அவன் கைபிடியில் கை வைத்தான். உள்ளே கதவைப் பிறாண்டும் சத்தம். கையை எடுத்துவிட்டான்.

"ஏலாது, வேணுகா. எனக்குப் பயம்."

"என்ன?"

"முதல் நாளே பயம். ஷெஃப் கேக்க, ஜெர்மனிலை ஒரு 'நைன்', ஒரு 'இல்லை' சொல்ல வாய் வரேல்லை. நீர் வேண்டாமெண்டு சொல்லுவீர், அதைச் சொல்லித் திருப்பிக் குடுக்கலாமெண்டு பாத்துக்கொண்டிருந்தன். நீர் ஒண்டும் சொல்லேல்லை."

போர்வையில் உடும்பைக் கண்டபோதுகூட வேணுகாவுக்கு இவ்வளவு பயம் வரவில்லை. இத்தனை இரவும் அவனுடைய தைரியத்தை நம்பித்தான் கண்மூடினாள். அவனோ அவளுடைய வாயை நம்பியிருந்திருக்கிறான். நடுவில் பிள்ளை காவலே இல்லாமல் தூங்கியிருக்கிறாள்.

"ஷெஃபுக்குப் போன் அடியுங்கோ."

"பிறகு ஆறுதலாக் கதைக்கிறன்..."

"இப்ப அடியுங்கோ."

மணி போய், ஷெஃபின் குரல் கேட்டது. வேணுகா ஒரு கையால் பிள்ளையை அணைத்தபடி, மறுகையால் போனை அவன் காதோடு அழுத்திப் பிடித்தாள். நிருசன் வாயைத் திறந்தான், மூடினான்.

"நைன்," என்றான். அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இன்னும் பலமாய்," என்றாள் வேணுகா.