வேலாயி அக்கா வீட்டுக் காற்று

1
இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டு எடுக்கவில்லை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் சுவர் கூரை வரை போவதில்லை. கேட்காமலிருக்கத்தான் சிரமப்பட வேண்டும்.

2
‘மஸ்கெலியா மலைகளைப் பனி மூடியிருந்த ஒரு காலையில்…’

இந்த வரியை அடித்துவிட்டேன். எந்தக் காலையில்தான் மூடவில்லை?

பல்கலைக்கழகத்தில் படிக்கும் கிருஷாந்தி, பக்கத்து வீட்டு வேலாயி அக்காவிடம் இரண்டு பெட்டிகளோடு வந்தாள். இரண்டும் காற்றிலுள்ள புகையை அளப்பவை. பெரியது விலை கூடியது, சின்னது மலிவு. மலிவானது சரியாக அளக்கிறதா என்று பார்க்க, இரண்டையும் ஒரு வாரம் அடுப்படியில் ஒன்றாக வைக்க வேண்டுமாம்.

“எப்பவும் போல சமைங்க அக்கா. புகை கூடுதலா இருக்குன்னு தெரிஞ்சா புகைபோக்கி கட்டித் தருவாங்க.”

அக்காவுக்கு மூச்சிழுப்பு. விறகு பற்றவைத்தால் பேச்சு நின்றுவிடும். (குறையாகச் சொல்லவில்லை.)

3
இனி வரும் காட்சியை நீங்கள் நம்பமாட்டீர்கள். பக்கத்திலேயே இருந்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் அக்கா விறகுக்கட்டோடு என் வாசலில் நின்றாள்.

“ஒரு வாரம் ஒன் வெளி அடுப்புல ஆக்கிக்கிறேன் புள்ள.”

“ஏங்கக்கா, ஒங்க அடுப்புக்கு என்ன?”

“வெலகூடின சாமான் இருக்கு. கரி புடிச்சுப் போனா அந்தப் புள்ள யாருக்குப் பதில் சொல்லும்? சொவத்துக்கே சுண்ணாம்பு அடிச்சிட்டேன்.”

“அது பொகையப் பாக்கத்தானே வந்திருக்கு?”

“வீடு தேடி வந்ததுக்கு மொகத்துல பொகைய ஊதுறதா? நல்லாருக்கு ஒன் ஞாயம்.”

4
வாரம் முடிந்து கிருஷாந்தி வந்தாள். கணினியில் இரண்டு பெட்டிகளின் கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருந்தன.

“சின்னப் பெட்டி நல்லா அளந்திருக்கு அக்கா. காத்தும் சுத்தம். எப்பவும் போலத்தானே சமைச்சீங்க?”

“ஆமாம்மா.”

“அப்ப புகைபோக்கி கொட்டகலைப் பக்கம் ஒரு லயத்துக்குப் போகும்.”

அக்காவின் முகம் அப்போது

(இந்த வாக்கியம் இதற்கு மேல் வரவில்லை.)

5
முடிவு ஒன்று: நான் உண்மையைச் சொல்கிறேன். புகைபோக்கி வருகிறது. அந்தப் பிள்ளை முன்னால் தன்னைப் பொய்க்காரியாக நிறுத்தினேன் என்று அக்கா என் முகத்திலேயே விழிப்பதில்லை.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. அக்கா தன் அடுப்புக்குத் திரும்புகிறாள். சுவருக்கு மேலால் இருமல் வருகிறது.

முடிவு மூன்று: கிருஷாந்தி தானாகவே கண்டு— இல்லை. படித்த பிள்ளை, அடுத்த வீட்டு அடுப்படியை எட்டிப் பார்க்காது.

இப்போது அவள் பெட்டிகளோடு ஹட்டன் பஸ்ஸுக்கு இறங்கிக்கொண்டிருக்கிறாள். அளந்த கணக்கை அவள் இன்னும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. ஊர்க்கதை முழுதும் பேசுகிற எனக்கு இந்த ஒன்றுக்கு வாய் வரவில்லை. வழியில் அவளைக் கண்டால் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

நான் சொன்னதாக மட்டும் சொல்லாதீர்கள்.