வெள்ளிக்கிழமை விடுமுறை இல்லை

காலை ஒன்பது மணிக்குள் வல்லிபுரம் மூன்றுதரம் வாசலுக்குப் போய்வந்துவிட்டான். முதல்தரம் கூட்டுகிற சாட்டில் போனான். இரண்டாம்தரம் கூட்டியதையே கூட்டப் போனான். மூன்றாம்தரம் சாட்டு ஒன்றும் அகப்படவில்லை. சும்மா போய் நின்று, உள்துறைமுக வீதியை மேலும் கீழும் பார்த்தான். ஒரு பஸ் போனது. மீன்பெட்டி கட்டிய சைக்கிள் ஒன்று போனது. எஞ்சின் ஏற்றிய வண்டியைத்தான் காணவில்லை.

"வல்லி, நீ நடக்கிற நடைக்கு இந்நேரம் கிண்ணியாக்கே போய் வந்திருப்பாய்," என்றார் உள்ளேயிருந்து கலீலுர் றஹ்மான். "வந்து இரு."

"இருந்தா இடுப்புப் பிடிக்குது நானா."

"நிண்டா?"

"நிண்டாலும் பிடிக்குதுதான். நடந்தா தெரியுதில்ல."

றஹ்மான் நானா படகு எஞ்சின் திருத்தத் தொடங்கி இருபத்திரண்டு வருடம். வல்லிபுரம் அவரிடம் வந்து பதினொரு வருடம். எஞ்சினைத் தோளில் இறக்குவது, உப்பைக் கழுவுவது, தண்ணீர்ப் பீப்பாவில் கட்டி ஓடவிட்டுப் பார்க்கும்போது பிடித்துக்கொள்வது அவனுடைய வேலை. அதற்கு முன்னர் துறைமுகத்தில் சீமெந்து மூட்டை தூக்கினவன். அந்த மூட்டைகள்தான் இடுப்பில் இப்போதும் குந்தியிருந்தன.

மற்றக் கடைகளுக்கு எப்படியோ, இவர்களுக்கு வெள்ளிக்கிழமைதான் பெரிய நாள். கிண்ணியாவிலும் மூதூரிலும் அன்றைக்குப் படகு இறக்க மாட்டார்கள். ஆறு நாள் கடலில் இருமிய எஞ்சினை ஏழாம் நாள் ஓட்டோவில் போட்டுக் கட்டிக்கொண்டு வருவார்கள். பன்னிரண்டு மணிக்கு நானா ஜும்ஆவுக்குப் போனால், திரும்பி வரும்வரை கடை வல்லிபுரத்தின் பொறுப்பு. சில வெள்ளிகளில் வாசலுக்கு வெளியேயும் எஞ்சின்கள் சாய்ந்து கிடக்கும்.

இப்போது எட்டு வெள்ளியாக ஒன்றும் இல்லை. மற்ற நாட்களில் ஒன்றிரண்டு சின்ன வேலை வருகிறது. வெள்ளி மட்டும் வெறுமை.

போன வெள்ளியே நானா சொல்லிவிட்டார். "வாற வெள்ளியும் இப்பிடியெண்டா மாதக் கடைசியோட பூட்டுறன். மூதூரில மச்சான் தன்ட பட்டறையில ஒரு மூலை தாறன் எண்டிருக்கான்." அந்த மூலையில் ஒரு ஆள்தான் நிற்கலாம் என்பதை வல்லிபுரம் கேட்காமலே விளங்கிக்கொண்டான். அன்றிலிருந்து அவனுக்கு நித்திரையில்லை. சாம்பல்தீவில் வீட்டுப் படலையைச் சாத்தும்போதெல்லாம் சீமெந்துத் தூசு மூக்கில் ஏறுவதுபோல இருந்தது. மனைவி பூரணியிடம் இன்னும் சொல்லவில்லை.

பத்து மணிபோல் நானாவின் மகள் ஷிஃபானா பிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். நகரத்தில் கணினி படிக்கிற பிள்ளை. நானா கண்ணில் வெண்புரை வெட்டி ஐந்து கிழமை கடை பூட்டிக் கிடந்தபிறகு, இரண்டு மாதத்துக்கு முன்னர் திரும்பத் திறந்ததை ஊருக்குச் சொல்ல இணையத்தில் ஒரு பக்கம் செய்துகொடுத்தவள் அவள்தான். அந்தப் பக்கத்தை, கண் இன்னும் தெளியாததால் தான் திறந்து பாராமலே, நானா மீனவர் சங்கங்களின் வட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பி, நேரம் தெரிய வேண்டுமென்றால் இதைப் பாருங்கள், எனக்குப் போன் எடுத்துக் கரைச்சல் தராதீர்கள் என்று குரல் பதிந்தும் போட்டிருந்தார்.

"வாப்பா, நான் அண்டைக்கே சொன்ன. அது கொம்பியூட்டருக்குச் செஞ்ச பக்கம். போனுக்கு ஏத்தமாதிரித் திருப்பிச் செய்யோணும். போன்ல படமெல்லாம் வெளியால போகுது."

"எஞ்சின் திருத்துற கடைக்கு ஒரு சட்டை காணும். போனுக்கு வேற சட்டை தைக்கோணுமோ?"

"எல்லாரும் போன்லதானே பாக்கிறாங்க."

"எங்கட ஆக்கள் எழுத்துப் பாத்தா வாறவங்க? எஞ்சின்ட சத்தம் கேட்டு வாறவங்க மகள். பெரிய ஹோட்டல்காரனுக்கு அதெல்லாம் வேணும். எனக்கென்னத்துக்கு?"

"அப்ப ஏன் வாறாங்க இல்ல?"

நானா தேத்தண்ணீரை ஊதினார். ஊதி முடித்தும் குடிக்கவில்லை. வல்லிபுரம் நாலாம்தரம் வாசலுக்குப் போனான்.

ஷிஃபானா போனபிறகு நானாவே கதையை மாற்றினார். "ஆனா ஒண்டு வல்லி. சனத்துக்கு என்னில நல்ல பிரியம். போன கிழமையும் ஜும்ஆ முடிஞ்சு பள்ளியில ரெண்டுபேர் கையப் பிடிச்சு, நல்ல காரியம் செஞ்சீங்க நானா எண்டாங்க. கண் வெட்டினதில என்னடா நல்ல காரியம்? ஆனாலும் மனசுக்குச் சந்தோசம்."

"கண் தெரிஞ்சா நல்லதுதானே."

"அதுதான்."

பன்னிரண்டுக்கு நானா தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனார். கடையில் வல்லிபுரமும் காய்ந்த பீப்பாவும் மட்டும். அவன் கதிரையில் இருந்தான், எழும்பினான், அடுக்கியிருந்த திருகுசாவிகளை இன்னொருக்கால் அடுக்கினான். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். மகள் தேனுகா பாவித்துவிட்டுத் தந்த, கண்ணாடி வெடித்த போன். அந்தப் பக்கத்தை அவன் இதுவரை திறந்து பார்த்ததில்லை. வாசிப்பு அவனுக்கு இன்னும் ஒரு பாரம் தூக்குகிற வேலைதான். வேறு ஒன்றும் தூக்கக் கிடைக்காததால் அதையாவது தூக்கிப் பார்ப்போம் என்று திறந்தான்.

முப்பத்தெட்டாவது வயதில், கோயில் மண்டபத்து மாலை வகுப்பில் எழுத்துப் படித்தவன் அவன். கையெழுத்துப் போடத்தான் போனான், வாசிக்கவும் வந்துவிட்டது. விரல் வைத்துத்தான் வாசிப்பான். முற்றுப்புள்ளி வரும்வரை விரலை எடுக்கக்கூடாது என்று நிஷாந்தினி ரீச்சர் சொல்லியிருந்தா. அதை அவன் இன்னும் மீறவில்லை.

மேலே எஞ்சின் படத்தில் பாதி தெரிந்தது. அதன் கீழே பெரிய எழுத்து. வெடிப்புக்கு மேல் விரலை வைத்தான். வெள்... ளிக்... கிழ... மை. மூச்சு எடுத்தான். வி... டு... மு... றை.

வெள்ளிக்கிழமை விடுமுறை.

நானா முடிவே எடுத்துவிட்டாரா? ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத் தனக்கு மட்டும் சொல்லவில்லையா? பிறகேன் காலையில் வந்து கடையைத் திறந்தார்? திரும்பவும் வாசித்தான். அதே இரண்டு சொல். ஆனால் எங்கேயோ இடித்தது. றையன்னாவுக்குப் பக்கத்தில் புள்ளியைக் காணவில்லை.

புள்ளி வராமல் விரலை எடுக்க அவனுக்கு ஏலாது. எழுத்து முடிந்த ஓரத்தில் அழுத்தி, புள்ளியைத் தேடி விரலை இழுத்தான். பக்கம் விரலோடு சேர்ந்து நகர்ந்தது. கண்ணாடியின் ஓரத்துக்குள்ளிருந்து இன்னொரு சொல் மெல்ல வெளியே வந்தது.

இல்லை.

பக்கத்தில் புள்ளியும் இருந்தது.

அவன் விரலை விட்டான். சொல் ஓடி ஒளிந்துகொண்டது. இழுத்தான், வந்தது. விட்டான், போனது. எழுத்துத் தெரிந்த அத்தனை பேரும் ஒரு பார்வையில் வாசித்து முடித்துப் போனை மடியில் வைத்திருக்கிறார்கள். செய்தவளுக்கோ என்ன எழுதினோம் என்று தெரியும். தெரியாத சொல்லும் அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அதற்குப்பிறகு வல்லிபுரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. நானா வரும்வரைக்கும் வாசலுக்கும் பீப்பாவுக்கும் எத்தனைதரம் நடந்தான் என்று அவனுக்கே தெரியாது.

நானா வந்ததும் போனை முகத்துக்கு நேரே நீட்டினான். "வாசியுங்கோ."

"வெள்ளிக்கிழமை விடுமுறை." நானா புருவத்தைச் சுருக்கினார். "என்னடா இது? விடுமுறை இல்லை எண்டெல்லோ நான் போடச் சொன்ன."

"இல்லை இருக்கு. இஞ்ச பாருங்கோ." இழுத்துக் காட்டினான். விட்டான். திரும்ப இழுத்தான்.

நானா வெட்டிய கண்ணாலும் வெட்டாத கண்ணாலும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கதிரையில் இருந்தார். "அப்ப நல்ல காரியம் எண்டு கையப் பிடிச்சது கண்ணுக்கில்ல."

"வெள்ளி பூட்டுறீங்கள் எண்டு."

"முஸ்லிம்ட கடை, வெள்ளி லீவு எண்டா ஆரு ஏன் எண்டு கேப்பான்? கேட்டாலே குத்தமாப் போயிரும்." சிரிக்க வெளிக்கிட்டவர் இடையில் நிறுத்தினார். "இனி என்னண்டு மாத்திறது? நானா காசுக்காகத் திரும்பத் திறந்திட்டார் எண்டுவாங்க. இப்பிடியே கிடக்கட்டுமே வல்லி. மாதக் கடைசிதானே."

வல்லிபுரம் அவரோடு எதிர்க் கதை கதைத்ததில்லை. இன்றைக்கு வாய் தானாகத் திறந்தது.

"நானா, பன்னிரண்டுக்கு நீங்கள் பள்ளிக்குப் போறது போறதுதான். அதில ஒரு மாத்தமும் இல்ல. கடையில நிக்கிறது நான். நான் வெள்ளிக்கிழமை மீன், மச்சம் தின்னாததோட என்ர கடமை முடிஞ்சுது." கொஞ்சம் நிறுத்தி, தரையைப் பார்த்தபடி சொன்னான். "மூதூரில ஒரு மூலைதானே இருக்கு. எனக்கு இனி மூட்டை தூக்க ஏலாது."

நானா போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

ஷிஃபானா வந்து பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் எத்தின தரம் பாத்த. எனக்கு முழுசாத்தான் தெரிஞ்சிச்சு." போனுக்கு ஏற்றமாதிரி முழுப் பக்கத்தையும் திருப்பிச் செய்ய நாலு நாள் வேண்டும் என்றாள்.

"நாலு நாளா?" என்றார் நானா.

"பிள்ளை, இப்போதைக்கு அந்த இல்லை எண்ட சொல்லையே எடுத்திடுங்கோ," என்றான் வல்லிபுரம். "வெள்ளியும் திறப்போம் எண்டு போடுங்கோ. எந்த இடத்தில வெட்டுப்பட்டாலும் எதிர்ச்சொல்லாப் போகாது."

அவள் அவனை ஒருதரம் பார்த்தாள். பிறகு மடிக்கணினியில் மாற்றி எழுதினாள். வல்லிபுரம் தன் போனில் விரல் வைத்துப் புள்ளிவரைக்கும் வாசித்தான். ஓரத்துக்கு இப்பாலேயே முடிந்திருந்தது. நானா அதைக் குழுக்களுக்கு அனுப்பிவிட்டு, "மற்றச் சட்டையையும் தைச்சுப் போடு மகள்," என்றார். தோற்றுப்போனவர்போலச் சொல்லவில்லை, அளவு கொடுக்கிறவர்போலத்தான் சொன்னார்.

மூன்றரைக்குக் கடைப் போன் அடித்தது. கிண்ணியா றுமைஸ். முன்னர் வெள்ளிக்கு வெள்ளி வருகிறவன்.

"முந்திப் பூட்டெண்டு கிடந்திச்சு, இப்ப திறப்பெண்டு கிடக்கு. எதுடா உண்மை?"

"ரெண்டும் ஒண்டுதான். நீ ஓரத்தப் பாக்கேல்ல," என்றான் வல்லிபுரம். "எஞ்சினை ஏத்து."

"ரெண்டு கிடக்கு. தம்பிட எஞ்சினும்."

"ரெண்டையும் ஏத்து."

பின்பக்கத்தில் நானா மூதூர் மச்சானோடு கதைப்பது கேட்டது. வல்லிபுரம் குழாயைப் பீப்பாவுக்குள் போட்டுவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலால் காதைக் கொடுத்தான். "இந்த மாதம் இல்ல மச்சான். பிறகு பாப்பம்," என்று சொல்லி நானா போனை வைத்தார்.

"நானா, பாப்பம் எண்டா போறதோ, போகாததோ?"

"முதல்ல பீப்பாவை நிரப்பு வல்லி."

நிரம்பும்வரை அவனால் நிற்க முடியவில்லை. வாசலுக்குப் போய், வீதியைப் பார்த்து, திரும்பி வந்தான்.