புளி போட்டுத் தேய்த்த காசுகள்

புளித்தண்ணீர் கறுத்துக்கொண்டே போகிறது, விரலிடுக்கில் காசு வழுக்குகிறது, வியாழக்கிழமை, குத்துவிளக்கைத் தேய்த்த கையோடு அவருடைய நிக்கல்களையும் தேய்க்கிறேன், நிக்கல் என்றால் அமெரிக்காவின் ஐந்து சென்ட் காசு, என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் அதைவிட்டால் வேறு கிடையாது, சனிக்கிழமைதோறும் பாங்கிலிருந்து சுருள் சுருளாக வாங்கிவந்து, பக்கத்து அறையில் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வைத்து வருஷம் பார்த்து, நீல அட்டையில் வருஷத்துக்கொரு குழியில் பதித்துவிட்டு, மிச்சத்தைத் திங்கட்கிழமை பாங்கிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார், நியூஜெர்சிக்கு வந்த புதிதில் எனக்குப் பேச வேறு யார் இருந்தார்கள், அந்த அறைக்குள் என்னையும் சேர்த்துக்கொள்ளட்டுமே என்றுதான் அட்டையிலிருந்து பத்தொன்பது காசுகளை எடுத்துப் பளபளவென்று ஆக்கித் திரும்பப் பதித்து வைத்தேன், வந்து பார்த்தவர் முகம் சுண்டிப்போயிற்று, என்னங்க, அழுக்கா இருந்துச்சேன்னு தேய்ச்சேன், என்றேன், பழைய காசைத் தேய்க்கவே கூடாதும்மா, தேய்ச்சா சேர்க்கிறவங்களுக்கு அது வெறும் அஞ்சு சென்ட்தான், சரி விடு, என்றார்.

அவ்வளவுதான், திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பித் திட்டி, அழுது, மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல் தோசை வார்த்துப் போட்டிருப்பேன், திட்டாத மனுஷனை என்ன செய்வது, அன்றுமுதல் சனிக்கிழமைகளில் அந்தப் பக்கம் நான் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை, இருபத்தாறு வருஷம், வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே காசு கிணுகிணுக்கிறது, நான் அடுப்படியில் தனியாக நிற்கிறேன், என்னை மன்னித்தாரா இல்லையா என்று கேட்க வாய் வரவேயில்லை, வீம்பு, இரண்டு பேருக்கும்தான்.

மாசியில் போய்ச் சேர்ந்துவிட்டார், காரியமெல்லாம் முடிந்து மகன் இளஞ்சேரன் அந்த அட்டையை என் மடியில் விரிக்கிறான், மங்கிய காசுகளுக்கு நடுவே அந்தப் பத்தொன்பதும் அப்படியே தனித்துத் தெரிகின்றன, இதைத்தான்டா நான் கெடுத்தேன், என்கிறேன், கெடுத்தியா, இதெல்லாம் சர்வசாதாரண வருஷம்மா, ஒவ்வொரு சுருள்லயும் நாலஞ்சு கிடைக்கும், அப்பா நினைச்சிருந்தா அடுத்த சனிக்கிழமையே மாத்தியிருப்பாரு, ஒருநாள் நானே வேற காசு எடுத்துக் கொடுத்தேன், அந்தக் குழியில கை வைக்காதடா, அது உங்கம்மா பண்ணதுன்னுட்டாரு, என்கிறான்.

இதை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா, பாவி மனுஷா, சுவருக்கு இந்தப் பக்கம்தானே இருந்தேன், ஒரு குரல் கொடுத்திருந்தால் போட்டது போட்டபடி ஓடி வந்திருப்பேனே, பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுத் திட்டுகிறேன், இளஞ்சேரன் அட்டை நழுவாமல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.