சப்பரம் திரும்பும் மூலை

நகராட்சியில் ஒரு கட்டடப் பிளான் மாதக்கணக்கில் கிடந்தால் எல்லோரும் கிளார்க்கைத்தான் திட்டுவார்கள். எனக்கோ, படம் போட்டவர் மேல்தான் கோபம் வரும்.

நான் செண்பகம். தூத்துக்குடியில் ஆர்க்கிடெக்டுகள் போடும் படங்களை, நகராட்சிக்குப் போகும் முன்னால் பார்த்துத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. சர்வே எண், கிணறு, கக்கூஸ், பக்கத்து வீட்டுச் சுவர், ஒன்றையும் விடமாட்டேன். ஆறு வருடத்தில் என் கை பட்ட படம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

1976 பிப்ரவரியில் பாளையங்கோட்டை ஆர்க்கிடெக்ட் சுந்தர்சிங் ஒரு படத்தோடு வந்தார். கூடவே இசபெல்லா டீச்சர். திரேஸ்புரத்தில் ஓலைக் கொட்டகை போட்டு அறுபத்து மூன்று பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறவர். ஜூனில் பள்ளி திறக்கும்போது கல் கட்டடம் இல்லையென்றால் அங்கீகாரம் ரத்து என்று கல்வி அதிகாரி எழுதியே கொடுத்துவிட்டார். பிளானோ, தெருக்காரர்களின் ஆட்சேபணையால் இரண்டு தடவை திரும்பியிருந்தது.

"ரூல்படி ஒரு இஞ்ச் தப்பு கிடையாது. ஆபீஸ்ல எவனோ தூண்டி விடுதான்," என்றார் சுந்தர்சிங்.

"பள்ளிக்கூடத்த மூடிட்டா பிள்ளைக எல்லாம் கருவாடு காயப்போடத்தான் போவும், செண்பகம்," என்றார் டீச்சர்.

படத்தில் உண்மையிலேயே தப்பில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். ஆபீசுக்குப் போகாமல், டீச்சரை அழைத்துக்கொண்டு, அளக்கும் டேப்போடு திரேஸ்புரம் போனேன்.

ஆட்சேபணையில் முதல் கையெழுத்து மரியானுடையது. வீட்டு வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பள்ளிக்கூடத்து மேல ஒங்களுக்கு என்ன கோவம்?"

"கோவமா? எம் பேத்தியே அங்கனதான் படிக்கா. ஆனா தெருவோரமா பள்ளிக்கூடத்து மதில் வந்துட்டா மாதா சப்பரம் மூலையில திரும்பாதும்மா. திருநாள் அன்னைக்கு மாதாவ நடுத்தெருவுல நிறுத்தவா?"

"இத மனுவுல எழுதலியே?"

"இடைஞ்சல்னு எழுதியிருக்கோம்லா. என்ன இடைஞ்சல்னு ஒருத்தரும் வந்து கேக்கலியே."

நான் டீச்சரைப் பார்த்தேன். வருடா வருடம் ஜெபமாலை சொல்லிக்கொண்டு சப்பரத்துக்குப் பின்னால் நடப்பவர் அவர். முன்னால் தூக்குகிறவர்கள் அந்த மூலையில் படும் பாடு அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

"அண்ணாச்சி, தூக்குத கம்பு ரெண்டையும் வெளிய எடுங்க. ஆளையும் கூப்பிடுங்க," என்றேன்.

மதில் வர வேண்டிய இடத்தில் கயிறு கட்டினேன். உச்சி வெயிலில் பதினாறு பேர் சப்பரம் இல்லாமல் வெறும் கம்புகளைத் தோளில் வைத்து, பத்தடித் தெருவில் திரும்பிப் பார்த்தார்கள். கம்பு கயிற்றைத் தள்ளிக்கொண்டு போனது. கயிற்றை உள்ளே தள்ளித் தள்ளிக் கட்டி, ஐந்தாவது தடவை தடங்கலில்லாமல் திரும்பினார்கள். அந்த இடத்தில் சுண்ணாம்புக்கோடு போட்டேன். மூலையில் நாலரை அடி சரிவாக வெட்ட வேண்டும்.

திரும்பி வந்து இதைச் சொன்னதும் சுந்தர்சிங்குக்கு முகம் சிவந்துவிட்டது. மாடிப்படி இருந்ததே அந்த மூலையில்தான்.

"சப்பரத்துக்காகவா? என் எலிவேஷனே போயிரும், முகப்பு அழகே கெட்டுரும்!"

"சார், ஒங்க எலிவேஷனப் பாக்க உள்ள பிள்ளைக இருக்கணும்லா. படியப் பின்னால கொண்டு போங்க. ரெண்டு நாள் வேலை. இல்லன்னா மூணாவது ஆட்சேபணையையும் நீங்களே வாங்கிக்கிடுங்க."

அவர் முறைத்தார். நானும் பார்வையை எடுக்கவில்லை. இரண்டாம் நாள் புதுப் படம் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, பழையதைவிட நன்றாகவே இருந்தது. அதை நகராட்சிக்குக் கொடுக்கும் முன்பே தெருவுக்குக் கொண்டுபோய் விரித்துக் காட்டினேன். பழைய மனுவில் இருந்த அத்தனை பேரும் சம்மதம் எழுதிக் கொடுத்தார்கள்.

படத்தை நகராட்சியில் கொடுத்த பத்தொன்பதாம் நாள் அனுமதி கிடைத்தது. டீச்சர் அந்தக் காகிதத்தோடு நேரே மரியான் வீட்டுக்கு ஓடினார். நான் மூச்சு வாங்கப் பின்னால் போனேன்.

மரியான் முத்திரையைத் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"கல்லு லாரி தெருவுக்குள்ள வராது டீச்சர். மெயின் ரோட்டுலயே இறக்கச் சொல்லுங்க. சப்பரம் தூக்குத நாங்க பதினாறு பேரும் சொமந்துட்டு வாரோம்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தபோது சுவர் பூசி முடியவில்லை. கூரை இருந்தது. அறுபத்து மூன்று பேரும் வந்திருந்தார்கள்.