ஹார்க்னஸ் துரையின் எதிர் நாற்காலி

ஹார்க்னஸ் துரை குன்னூர் பங்களாவில் உட்கார்ந்து ஆங்கில அகராதி எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அதில் ஏற வேண்டிய ஒவ்வொன்றும் நேரில் வந்து அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது வழக்கம். பார்க்காமல் பொருள் எழுத துரைக்கு மனம் வராது. எழுதி முடிகிற வரைக்கும் வந்தது அங்கேயேதான் இருக்கும். ஊரில் வேறெங்கும் இருக்காது. உப்பு வந்து உட்கார்ந்தபோது குன்னூர் முழுக்கச் சப்பென்று சாப்பிட்டது. யானை வந்தது, வாசற்படி போயிற்று. வியாழக்கிழமை வந்தபோது புதன் முடிந்ததும் ஊர் நேரே வெள்ளிக்குள் நுழைந்தது. வியாழச் சந்தைக்குக் காய் பறித்து வைத்திருந்தவர்கள் மட்டும் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். கடல்தான் வரவில்லை. நம்மால் மலையேற முடியாது என்று சொல்லி, தனக்குப் பதிலாக ஓர் அலையை அனுப்பிவைத்தது.

வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுப்பதும், போன பிறகு இடத்தைத் துடைப்பதும் துரையின் மனைவி ஹெஸ்டரின் வேலை. அலை வந்துபோன கம்பளத்தைக் காயவைக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஆனாலும் கதவோரம் நின்று, துரை பார்க்கிற பார்வையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சும்மா சொல்லக் கூடாது, அது ஒரு பார்வை. சாதாரணத் தேக்கரண்டி ஒன்று வந்தது. அதன் குழிவையும் கைப்பிடியின் வளைவையும், அது வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் விதத்தையும், பிறந்த குழந்தையைப் பார்ப்பது போல இரண்டு நாள் பார்த்தார். தேக்கரண்டியே கூசி நெளிந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஹெஸ்டரை அவர் அப்படிப் பார்த்ததில்லை. சாப்பாட்டு மேசையிலும் கண் காகிதத்தில்தான். "சரி, டியர்" என்பார். அது பதில், கேள்வி என்னவென்று அவருக்குத் தெரியாது.

ஹெஸ்டர் சண்டை போடவில்லை. தன் முறைக்காகக் காத்திருந்தாள். மனைவி என்ற சொல் அவர்கள் பாஷையில் டபிள்யூவில் வருகிறது. எழுத்தெல்லாம் தீரப்போகிற இடம். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். ஹெஸ்டருக்குப் பூமி வேண்டாம், அந்த நாற்காலி போதும்.

கணவன் எட்டாவது எழுத்திலேயே முந்திக்கொண்டான். அன்று துரை எதிர் நாற்காலியில் தானே போய் உட்கார்ந்து, எழுந்து ஓடி வந்து எழுதி, மறுபடி போய் உட்கார்ந்து, நாள் முழுக்க அலைந்தார். ஒரு பக்கம் நிறைய எழுதினார். அன்றைக்குக் குன்னூரில் வேறு புருஷர்களே இல்லை. பெண்கள் மத்தியானம் நன்றாகத் தூங்கினார்கள்.

வருஷங்கள் போகப் போக லண்டன் அச்சுக்கூடத்தார் அவசரப்படுத்தினார்கள். துரையும் சில சொற்களுக்கு நாற்காலி போடாமல், வேறொன்றைக் கைகாட்டிவிட ஆரம்பித்தார். 'குளம்: காண்க, ஏரி' என்று ஒரு வரி எழுதினார். கைகாட்டிய இடத்துக்குத்தான் போக வேண்டும் என்பது அகராதியின் சட்டம். மறுநாளிலிருந்து குளத்துக்குப் புறப்பட்ட எருமைகள் எல்லாம் ஊட்டி ஏரியில் போய் இறங்கின. மேய்ப்பவர்கள் கட்டுச்சோறு எடுத்துப் போகப் பழகிக்கொண்டார்கள்.

ஒருவழியாக டபிள்யூ வந்தது. ஹெஸ்டர் தலைக்குக் குளித்து, பெட்டியின் அடியில் கிடந்த நீல கவுனை உடுத்திக்கொண்டாள்.

"இன்னிக்கு உங்க முறைங்களா, அம்மா?" என்று சமையல்காரர் அருளப்பன் கேட்டார்.

"ஆமாம் அருளப்பா. சமையலை நீயே பார்த்துக்கொள். எத்தனை நாள் ஆகுமோ."

போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். துரை நிமிரவில்லை.

"நீ உட்கார வேண்டாம், டியர். அது காலைத் தபாலிலேயே போய்விட்டது."

மேசைமேல் நகல் இருந்தது. 'மனைவி: காண்க, கணவன்.'

ஹெஸ்டருக்கு அழுகை வந்தது, அழுதாள். தேக்கரண்டிக்கு இரண்டு நாள், தனக்கு இரண்டு சொல். வயிறெரிந்து எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றுகொண்டாள்.

சட்டம் அன்றைக்கே வேலை செய்யத் தொடங்கியது. துரைசானியைத் தேடி வந்த பால்காரி நேராகத் துரையின் மேசைக்குப் போனாள், பாலில் தண்ணீர் இல்லை என்று சத்தியம் செய்ய. வண்ணார் போனார். மாதாகோயிலுக்குப் பூ கேட்டு ஒரு சீமாட்டி போனாள். அருளப்பன் போய், "குழம்புக்கு என்ன போடட்டும்?" என்று நின்றார். பூனைகூட அவர் மடியில்தான் ஏறியது. ஜன்னலோரம் நின்ற ஹெஸ்டர் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஒரு வரிகூட எழுத முடியாமல் துரை மனைவியைத் தேடிப் புறப்பட்டார். வாசலைத் தாண்டினார், தன் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கொல்லைக் கதவைத் திறந்து போனார், அதே மேசை. கடைத்தெருவிலும் இதே கதைதான். வீட்டுக்கு வந்து பெண்டாட்டியைத் தேடினவன் ஒவ்வொருவனும் தன்னிடமே வந்து நின்றான். எண்ணெய்க்கடைச் செட்டியார் "இந்தா, உன்னைத்தானே" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார், "என்ன?" என்று தானே கேட்டுக்கொண்டார்.

தேட ஆளில்லாத மனைவிமார் எல்லாம் பகலில் அருவிக்கரைக்குப் போக ஆரம்பித்தார்கள். ஹெஸ்டரும் போனாள். பேரிக்காய் தின்றார்கள், தண்ணீரில் கால் நனைத்தார்கள், சீட்டாடினார்கள். நல்ல நாட்கள்தான், இல்லையென்று சொல்ல முடியாது. அவளுக்கு வயிற்றெரிச்சல் மட்டும் ஆறவில்லை.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் மேட்டிலிருந்து ஒரு குரல் இறங்கி வந்தது.

"யாரோ ஹெஸ்டராம், கூப்பிடறாங்க" என்றாள் செட்டியார் மனைவி அலமேலு.

"அது நான்தான்."

அந்தப் பெயரைக் குன்னூரில் யாரும் கேட்டதில்லை. ஊருக்கு அவள் துரைசானியம்மா, வீட்டுக்கு டியர். ஆட்களின் பெயர் அகராதியில் ஏறுவதில்லை; ஆகவே பெயர் சொல்லித் தேடினால் எந்தக் கைகாட்டியும் குறுக்கே வராது. இதைக் கண்டுபிடிக்கத் துரைக்கு ஒரு மழைக்காலம் பிடித்திருந்தது.

"உங்க வீட்டுக்காரருக்குப் பேராவது தெரிஞ்சிருக்கு. எங்க வீட்ல இன்னும் 'இந்தா'தான்" என்று சொல்லிவிட்டு அலமேலு இன்னொரு பேரிக்காயை எடுத்துக்கொண்டாள்.

துரை நாற்காலியைத் தலையில் சுமந்துகொண்டு சரிவில் இறங்கி வந்தார். அவள் எதிரே வைத்தார். மூச்சு வாங்கியது.

"ஹெஸ்டர், உன்னைப் பார்க்க வேண்டும்."

"அதுதான் தபாலில் போய்விட்டதே."

"போனது மனைவி."

"என் பெயர் உங்கள் புத்தகத்தில் ஏறாது."

"ஏறாது" என்றார் துரை. "தெரியும்."

ஹெஸ்டர் தண்ணீரிலிருந்து காலை எடுத்துக்கொண்டாள். மனம் இளகியது, அதை அவரிடம் காட்டவில்லை. "இங்கே சாரல் அடிக்கிறது. வீட்டில் கொண்டுபோய்ப் போடுங்கள்" என்றாள். துரை மறுபடி நாற்காலியைத் தூக்கிக்கொண்டார்.

அவள் உட்கார்ந்தாள். துரை இடது காதிலிருந்து தொடங்கினார். அவள் அங்கே உட்கார்ந்திருந்த வரைக்கும் குன்னூரில் வேறெங்கும் ஹெஸ்டர் இல்லை. இருந்தது ஒருத்திதான் என்பதால் யாரும் குறை சொல்லவில்லை. இடது காது முடியவே பேரிமரம் பூத்துவிட்டது. அவர் பார்க்கப் பார்க்க ஹெஸ்டருக்குக் கூச்சமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. வெளியே டபிள்யூ வரிசையில் நின்ற ஜன்னலும் குளிர்காலமும் உலகமும் காத்துக் காத்துச் சலித்து, ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின.

ஒருநாள் அருளப்பன் கதவோரம் வந்து நின்றார்.

"அம்மா, நேற்றைய தினம்னு ஒண்ணு வந்து வாசல்ல நிக்குதுங்க. அடுத்தது அதோட முறையாம்."

துரை வலது புருவத்தில் இருந்தார். ஹெஸ்டர் முகத்தைத் திருப்பாமல், "இன்றைக்கு முடியாது, அருளப்பா. நாளைக்கு வரச் சொல்" என்றாள்.

நேற்றைய தினம் சரியென்று தலையாட்டிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு மலையிறங்கிப் போயிற்று.